மிக்கியைக் கட்டிப்பிடிக்கலாமா? தொடலாம் என்பதற்கும் தொடக்கூடாது என்பதற்கும் நடுவே

"ஏப்ரல் லீவில் புளோரிடா டிஸ்னி போகிறோம். ஐந்து வயது மகள் மிக்கியைக் கட்டிப்பிடித்தே ஆகவேண்டும் என்று இப்போதே அடம். உள்ளே இருக்கிற ஆள் யாரென்றே தெரியாமல் குழந்தையை எப்படி விடுவது? அவர்கள் நம்மை எங்கே தொடலாம், நாம் அவர்களை எங்கே தொடலாம் என்று ஏதாவது கணக்கு உண்டா?" இதுதான் கேள்வி.

கணக்கு உண்டு. நுழைவாயிலில் எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் வெளிநாட்டில் ஒரு தீம் பார்க்கில் இரண்டு வருஷம் அட்டெண்டன்டாக இருந்தவன். வேஷம் போட்டதில்லை. இந்த வேலையில் முதல் தகுதி உயரம். எந்தப் பாத்திரத்தின் அளவுக்கும் நான் பொருந்தவில்லை. பொம்மைக்குப் பக்கத்தில் டீஷர்ட் போட்டுக்கொண்டு "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடும் ஆளைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆள்தான் நான். கியூவைச் சமாளிக்கத்தான் அவர் நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவருடைய பெரிய வேலை வேறு. உடைக்குள் இருப்பவருக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது, வாயும் திறக்கக்கூடாது. அந்த இரண்டுக்கும் பதிலாக ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். பெரிய பூங்காக்களில் குழந்தை பொம்மையோடு தனியாக இருக்கும் தருணமே கிடையாது. நீங்கள் இரண்டடி தள்ளி நிற்பீர்கள். அட்டெண்டன்ட் இருப்பார், போட்டோகிராபர் இருப்பார், பின்னால் நாற்பது பேர் தங்கள் முறைக்காகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். கோயிலில் சாமி பார்க்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த உடைக்குள் என்ன தெரியும் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பொம்மையின் பெரிய கண்கள் வழியாகத்தான் உள்ளே இருப்பவர் பார்க்கிறார் என்று எல்லா உடைக்கும் சொல்லிவிட முடியாது. பல உடைகளில் வாய்க்குள்ளோ மூக்குக்கு அடியிலோ ஒரு வலைத்துணி இருக்கும், அது வழியாகத்தான் உலகம். நேரே எதிரில் நிற்பவர் ஓரளவு தெரிவார். பக்கவாட்டில் பாதி இருட்டு. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. உங்கள் மகளின் உயரம் சரியாக அந்த ஒன்றும் தெரியாத இடத்தில் வருகிறது.

குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் உணர்வது முழங்காலில் ஒரு இடி, அவ்வளவுதான். அந்த நொடியில் அடி எடுத்துவைத்தால் குழந்தையின் காலை மிதிப்பார். பின்னால் நகர்ந்தால் இரண்டு பேரும் விழுவார்கள். அதனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: இடி பட்டால் அப்படியே நில். அப்போது நான் குரலை உயர்த்தி, "அடடே, இடது பக்கம் கீழே ஒரு குட்டி இளவரசி வந்து காலைப் பிடிச்சிருக்காங்களே!" என்பேன். கேட்பவர்களுக்கு அது கொஞ்சல். உள்ளே இருப்பவருக்கு அது வரைபடம். இடது, கீழே, ஒரு ஆள், சின்ன ஆள். பிறகுதான் அவர் மெதுவாக ஒரு முழங்காலை மடக்கி உட்கார்வார், கையை அகல விரிப்பார். விரித்துவிட்டுக் காத்திருப்பார். குழந்தை வந்தால் அணைப்பு. வராவிட்டால் கையசைப்பு.

கையை விரித்துக் காத்திருப்பதில்தான் மொத்த விதியும் இருக்கிறது. தொடுகையைத் தொடங்குவது விருந்தினர். வேஷக்காரர் போய் யாரையும் இழுத்து அணைக்கக்கூடாது. அணைப்பு தொடங்கியபிறகு கை எங்கே போகலாம் என்பது அடுத்த கணக்கு: தோளின் வெளிப்புறம், முதுகின் மேல்பாதி, உள்ளங்கை. இடுப்பு கிடையாது, தலைமுடியைக் கோதுவது கிடையாது, கன்னத்தைக் கிள்ளுவது கிடையாது. போட்டோவில் இரண்டு கையும் தெரிய வேண்டும். கை ஒருவரின் பின்னால் மறைந்திருக்கும் போட்டோதான் பின்னால் வம்பில் முடியும் என்று எங்கள் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வார். குழந்தையைத் தூக்கக்கூடாது, மடியில் வைத்துக்கொள்ளக்கூடாது. கைக்குழந்தையை வாங்கவே கூடாது.

கடைசியாகச் சொன்னது பல பெற்றோருக்குக் கோபத்தை வரவழைக்கும். "ஒரே ஒரு போட்டோ, ரெண்டு செகண்ட் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்று ஆறு மாசக் குழந்தையை நீட்டுவார்கள். கனத்த கையுறை, தெரியாத கண், வியர்வையில் வழுக்கும் உள்பக்கம். தன் விரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒருவர் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுப்பீர்களா? பொம்மை தலையை ஆட்டி மறுத்தால் பெற்றோர் முகம் சுருங்கிப்போகும்.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. 2022 ஜூலையில் பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ் பூங்காவில் ஓர் ஊர்வலம். செசமி ஸ்ட்ரீட் டிவி நிகழ்ச்சியில் வரும் ரொசிட்டா என்ற பொம்மையின் வேஷத்தில் வந்தவர் வரிசையில் நின்ற வெள்ளையர்களுக்குக் கைகொடுத்துவிட்டு, அணைப்புக்காகக் கை நீட்டிய இரண்டு கறுப்பினச் சிறுமிகளைப் பார்த்து 'இல்லை' என்பதுபோலக் கையாட்டி நகர்ந்துவிட்டார். தாய் எடுத்த வீடியோ பரவியது. குழந்தையைத் தூக்கிப் போட்டோ எடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் சிலர் கேட்டதற்குத்தான் அந்த மறுப்பு, அது அனுமதியில்லாதது, தவிர உடையில் கீழே இருப்பவர்கள் தெரிவது சிரமம் என்று பூங்கா முதலில் விளக்கம் சொன்னது. எதிர்ப்பு அடங்கவில்லை, மன்னிப்புக் கேட்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதாகவும் அறிவித்தது. வேறொரு குடும்பம் இனப்பாகுபாடு என்று தொடுத்த வழக்கில் ஜூரி பின்னர் பூங்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனக்கு அந்த விளக்கம் பாதி புரியும், பாதி ஒட்டாது. கீழே தெரியாது என்பது நிஜம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்காகத்தானே பக்கத்தில் ஒரு ஆள்? "கீழே ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்று சொல்ல ஒரு குரல் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டு பிள்ளைகள் முகம் அப்படி வாடியிருக்காது. தொடாமல் விட்டாலும் காயம் படும் என்பதை எங்கள் தொழில் அன்றைக்குத்தான் சரியாகக் கவனித்தது.

தொட்ட இடம் சரி, தொட்ட விதம் தப்பு என்பதும் உண்டு. 2019இல் புளோரிடாவில் யுனிவர்சல் ஆர்லாண்டோ பூங்காவின் விடுதி ஒன்றில் காலைச் சாப்பாட்டுச் சந்திப்பு. 'டெஸ்பிகபிள் மீ' படத்தில் வரும் க்ரூ வேஷம் போட்டவர் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் தோளில் கை வைத்தார். தோள்தான், குற்றமில்லாத இடம். ஆனால் விரல்களை 'ஓகே' என்பதுபோல மடக்கி வைத்திருந்தார். வெள்ளை இனவெறிக் கும்பல்கள் தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்ட சைகை அது. குழந்தையோ கறுப்பின வெள்ளையினப் பெற்றோரின் மகள். மாதங்கள் கழித்துப் போட்டோவையும் வீடியோவையும் புரட்டும்போதுதான் தாய் கண்ணில் பட்டது. நிறுவனம் அந்த நடிகரை வேலையிலிருந்து நீக்கியது. அணைக்கும் கையில் விரல் விரிந்து தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இப்படியும் ஒரு காரணம்.

இனி 2004. புளோரிடா டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் தாயும் பதின்மூன்று வயது மகளும், வின்னி த பூ கதையில் வரும் டிகர் என்ற புலியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேஷக்காரர் தவறாகத் தொட்டார் என்று புகார், கைது, வழக்கு. ஆகஸ்டில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவருடைய வக்கீல் தானும் டிகர் வேஷம் போட்டு வேலை பார்த்தவர். நீதிமன்றத்துக்கே அந்த உடையை வரவழைத்து, உள்ளிருந்து எவ்வளவு பார்க்க முடியும், அந்தக் கையுறையோடு கை எவ்வளவு வளையும் என்று காட்டினார். இந்த வழக்கை நான் இரண்டு தரப்புக்கும் சொல்வேன். பெற்றோருக்கு: ஏதாவது சரியில்லை என்று பட்டால் அந்த நிமிஷமே சொல்லுங்கள், போட்டோ இருக்கும், சாட்சி இருக்கும், யாரும் உங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. வேஷக்காரருக்கு: உன் கை எங்கே இருக்கிறது என்று உனக்கே நிச்சயமில்லை என்றால், அது எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியம். 'நாம் அவர்களை எங்கே தொடலாம்?' இதை யாருமே கேட்பதில்லை. கேட்டதற்கு நன்றி.

நான் பார்த்தவரை, ஒரு ஆள் பஞ்சுத்தலையை மாட்டிக்கொண்ட மறுநிமிஷம் சுற்றியிருப்பவர்களுக்கு அவர் பொருளாகிவிடுகிறார். நம்மூர்க் கல்யாண வரவேற்பு வாசலில் நிற்கும் மிக்கியைப் பார்த்திருப்பீர்கள். பையன்கள் வரிசையாக வந்து வயிற்றில் குத்துவார்கள். பின்னால் வாலை இழுப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா யாராவது "உள்ள யாருப்பா?" என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார். சிரிப்பு. உள்ளே முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் வந்த ஒரு பையன் மூச்சுவாங்கிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பக்கத்தில் அட்டெண்டன்டும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், உடை மட்டும் விலை கூடியது. 2019இன் இறுதியில் புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மிக்கி, மின்னி, டொனால்ட் வேஷம் போட்ட மூன்று பேர் அடுத்தடுத்துப் புகார் கொடுத்தார்கள். மின்னியின் மார்பைப் பிடித்தார் ஒரு பெரியவர்; அவருக்குப் பூங்காவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. மிக்கியின் தலையில் ஒரு பாட்டி தட்டித் தட்டிப் பேரனுக்கு விளையாட்டுக் காட்டியதில் உள்ளே இருந்தவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பாட்டி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தத் தலை ஒரு தொப்பிபோலக் காற்றில் உட்கார்ந்திருப்பதாக நினைத்திருப்பார். அது ஒரு மனிதக் கழுத்தில் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. மேலே விழும் ஒவ்வொரு தட்டும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. 2005ஆம் வருஷம் மட்டும் ஆர்லாண்டோவில் வேஷக்காரர்களுக்கு 773 காயங்கள் ஏற்பட்டதாக டிஸ்னியே அரசுக்குக் கணக்குக் கொடுத்திருந்தது. கழுத்தும் தோளும் உடையின் பாரத்தால் போனவை அதில் நிறைய. நூற்றுக்கு மேற்பட்டவை விருந்தினர்கள் இடித்து, தள்ளி, மேலே பாய்ந்து வந்தவை.

பேச முடியாத ஒருவர் எப்படி மறுப்பார்? அதில் ஒரு கலையே இருக்கிறது. அத்துமீறும் கையை உதறினால் பாத்திரம் கெட்டுவிடும், போட்டோவில் பொம்மை கோபப்பட்டதாகத் தெரியும். அதனால் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் அன்போடு பற்றிக்கொள்வார்கள். வெளியே பார்த்தால் பாசம். உண்மையில் அது பூட்டு. பற்றிய கை வேறெங்கும் போக முடியாது. இன்னொன்று, நேராக நிற்காமல் ஒருக்களித்து நிற்பது. அணைப்பு தோளோடு தோளாகிவிடும். இரண்டும் பலிக்கவில்லையென்றால் அட்டெண்டன்டுக்கு ஒரு சைகை. எங்கள் இடத்தில் அது வயிற்றைத் தடவிப் பசிக்கிறது என்று காட்டுவது. "ஐயோ, தம்பிக்குச் சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சே" என்று நான் நடுவில் புகுந்துவிடுவேன். அரை நிமிஷத்தில் பொம்மை கதவுக்குப் பின்னால். ஒருநாள் இப்படி உள்ளே கூட்டிப்போன பெண் தலையைக் கழற்றியதும் ஒன்றுமே சொல்லவில்லை. பத்தொன்பது வயது இருக்கும். தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், "எத்தனை பேர் இருக்காங்க கியூவில?" என்று மட்டும் கேட்டாள். புகார் எழுதலாம் என்றேன். மேலாளரோ, "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்" என்றார். அது எந்தப் பூங்கா என்பது இங்கே வேண்டாம்.

ஜப்பானில் இந்தச் 'சகஜம்' நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. டோக்கியோ டிஸ்னிலேண்டில் வேஷம் போட்ட பெண் ஒருவரின் விரலை ஒரு விருந்தினர் முறுக்கிவிட்டார். மேலதிகாரிகளிடம் போனபோது சகித்துக்கொள் என்ற தொனியில் பதில் வந்ததாக 2018இல் வழக்குப் போட்டார். 2022இல் சிபா மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 8,80,000 யென் தரச் சொன்னது. அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் அது அவருக்கு எதிராக மாறிவிட்டது. அமெரிக்காவில் சங்கம் வழியாகப் போனார்கள். 2024 மே மாதம் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் பாத்திர நடிகர்களும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேருக்கான சங்க வாக்கெடுப்பில் 953 பேர் ஆதரவு, 258 பேர் எதிர்ப்பு. பாதுகாப்பும் உடையின் சுத்தமும் அவர்கள் பேசிய விஷயங்களில் முக்கியமானவை. சுத்தம் என்றதும் சிரிக்காதீர்கள். புளோரிடாவில் 2001 வரை உள்ளாடைகூடப் பொதுவானது, நேற்று வேறொருவர் போட்டதை இன்று இவர் போட வேண்டும். சொறியும் பேனும் தொற்றிச் சங்கம் சண்டை போட்ட பிறகுதான் ஆளுக்கொன்று கிடைத்தது.

முகம் தெரியும் பாத்திரங்கள், அதாவது இளவரசிகள், இளவரசர்கள், கதை வேறு. அவர்களால் பேச முடியும். இடுப்பில் கை போட வரும் ஆணிடம் "அரண்மனையில் இப்படி நிற்பது வழக்கமில்லையே" என்று சிரித்தபடி முழங்கையை நீட்டுவார்கள், அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிவைக்கலாம். ஆண் நடிகர்களுக்கும் இது உண்டு. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் வரும் காஸ்டன் வேஷக்காரர் ஒருவர், கை எல்லை மீறிய ஒரு பெண்ணை அங்கேயே போகச் சொல்லி அனுப்பிய வீடியோ சில வருஷங்களுக்கு முன் பரவியது. நிறையப் பேர் கைதட்டினார்கள். பஞ்சுத்தலை போட்டவருக்கு அந்த வசதி இல்லை.

தொடவே கூடாது என்று கோடு போட்ட இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பண்ணை என்ற தீம் பார்க்கில் 1973இலிருந்தும் யுனிவர்சல் ஆர்லாண்டோவில் 1991இலிருந்தும் நடக்கும் ஹாலோவீன் பேய் இரவுகளில் பேய் உங்களைத் தொடாது, நீங்களும் பேயைத் தொடக்கூடாது. முகத்துக்கு அரையடி தூரம்வரை வந்து அலறும், அதோடு சரி. விதி எளிது, எல்லோருக்கும் புரிகிறது. இருந்தும் பயத்தில் கை தானாக ஓங்கிவிடும் ஆட்கள் உண்டு. நம் ஊரில் இதற்கு நெருக்கமானவர் கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபியின் சிலை மனிதர்தான். சிரிக்கவைக்க எந்தக் கோமாளித்தனமும் செய்யலாம், மேலே கை வைக்கக்கூடாது. மீசை முறுக்கிய காவல்காரர் கோலத்தில் அவர் அசையாமல் நிற்க, எதிரே நின்று குட்டிக்கரணம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கோவிட் காலம் எனக்கு ஒன்றைக் காட்டியது. 2020 ஜூலையில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திரும்பத் திறந்தபோது அணைப்பு இல்லை. பொம்மைகள் தூரத்தில் நின்று கையாட்டின. பழையபடி கட்டிப்பிடிக்க 2022 ஏப்ரல் 18 வரை ஆனது. எங்கள் பூங்காவிலும் கயிறு கட்டித் தூரம் வைத்தோம். பிள்ளைகள் அழுது தீர்ப்பார்கள் என்று பயந்தேன். அழவில்லை. தூரத்தில் நின்றே நடனம் ஆடினார்கள், பறக்கும் முத்தம் கொடுத்தார்கள், பல்லு விழுந்ததைக் காட்டினார்கள். குறைபட்டுக்கொண்டது பெற்றோர்தான், "போட்டோவுல ஒட்டி நிக்கிற மாதிரி இல்லையே" என்று. அணைப்பு பாதிக்கு மேல் பெரியவர்களின் ஆசை என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் மகள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். வீட்டில் இப்போதே அடம் பிடிக்கும் பிள்ளைதான் அங்கே ஆறடிப் பொம்மையைப் பார்த்ததும் உங்கள் புடவையில் முகம் புதைக்கும் (மிக்கி அவ்வளவு உயரமில்லை, ஐந்தடியைச் சுற்றித்தான், ஆனால் தலை பெரிது). அப்போது முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். "மிக்கி மாமாவுக்கு முத்தம் குடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் முதலில் போய்க் கை கொடுங்கள், அவள் பார்க்கட்டும். அவள் பெயரையும், கூச்சப்படுகிறாள் என்பதையும் அட்டெண்டன்டிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் மிக்கி தூரத்திலேயே முட்டி போட்டுவிடுவார். ஓடிப்போய்ப் பாயும் ரகம் என்றால் அதையும் சொல்லுங்கள், அது இன்னும் அவசியம். பெரியவர்கள் நீங்கள் அணைக்க விரும்பினால் கையை விரித்து "கட்டிக்கலாமா?" என்று கேளுங்கள், தலையசைப்பு வந்தபிறகு அணையுங்கள், தலையைத் தட்டாமல், மேல்முதுகோடு நிறுத்திக்கொண்டு.

ஆட்டோகிராஃப் நோட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால் தடிமனான ஸ்கெட்ச் பேனா ஒன்றும் சேர்த்து எடுத்துப் போங்கள். அந்த நாலு விரல் கையுறையில் ரெனால்ட்ஸ் பேனா நிற்காது.